பெயர் அழிந்த இரண்டு புட்டிகள்

அரசனில்லாக் கோட்டை, நீரில்லா ஆறு,
மரமில்லா மலை, சாமியில்லாக் கோயில்
என்று எங்கள் ஊருக்கு ஒரு பட்டியல் உண்டு.
கோயிலுக்குச் சாமி வந்து இரண்டு வருஷமாகிறது.
ஆறு அப்படியேதான் கிடக்கிறது.
அதன் மணலில், கோரையை விலக்கி விலக்கி,
வலையோடு தவழ்ந்தோம்
நானும் ஆய்வகத்து இனாயத்துல்லாவும்.

கூம்புத் தலை. புல்லின் பச்சை.
உறையிலிட்ட கத்திபோல் மடிந்த சிறகு.
பாலாற்றில் பிடித்தது ஒன்று,
மேல்விஷாரத்து நெல்வரப்பில் பிடித்தது ஒன்று.
பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்
ஒரு வயிற்றுப் பிள்ளைகள் என்று சத்தியம் செய்யலாம்.

சீட்டைப் பென்சிலால் எழுத வேண்டும் என்பது
முதல் வருஷப் பாடம்.
பேனாவால் எழுதியது நான்.
மூடி கசிந்தது.
ஆல்கஹாலும் அசெட்டிக் அமிலமும் சேர்ந்து
இரண்டு ஊரையும் ஒரே நீலக் கறையாக்கிவிட்டன.

சரி, உடல்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்றால்
இரவில் எறும்பு வந்திருந்தது.
மேஜையின் மூன்று கால்களுக்குக் கீழே
கிண்ணத்தில் தண்ணீர் இருந்தது.
நான்காவது, ஊர் வழக்கப்படி, வற்றியிருந்தது.
குண்டூசிகள் மட்டும் வரிசையாக நின்றன.

மிஞ்சியவை புட்டிக்குள்ளே
நூல்நுனி அளவு விந்தகக் குழல்கள்.
முகம் போய்விட்டது. ஊர் போய்விட்டது.
இனி எண்ணித்தான் ஆக வேண்டும்.

கண்ணாடித் தகட்டில் ஒரு குழல்,
ஒரு சொட்டு ஆர்சீன்,
மேலே மெல்லிய வில்லை, அதன்மேல் ஒற்றுத்தாள்,
அதன்மேல் என் கட்டைவிரல்.
நேராக அழுத்தணும், நகரக் கூடாது.
மூச்சை அடக்கிக்கொள்வேன், பிரசவம் பார்ப்பவள்போல.

காட்பாடி பஸ்ஸில் கண்டக்டர் கேட்டார்,
"எந்த ஊர்ல மேடம் எலெக்‌ஷன்?"
நகக்கண் வரை செஞ்சாயம்.
இனாயத்துல்லாவின் தம்பிக்கு மணிக்கட்டு வரை நீலம்,
தோல் ஷாப்பில் குரோமியம் உருளை.
ஆளுக்கொரு நிறம்,
சோப்புக்குப் போகாதது.

மூன்று மணிக்குக் கரண்ட் போனது.
நுண்ணோக்கியின் அடிக்கண்ணாடியை
ஜன்னல் பக்கம் திருப்பினேன்.
வேலூர் வெயில், வேறெதற்கும் உதவாத அந்த மே மாத வெயில்,
குழாய்க்குள் ஏறி வந்து
ஒரு செல்லை முழுசாகக் காட்டியது.

ஒன்பது ஜோடி. ஓரத்தில் ஒரு தனி.
தாளில் வரைந்து, ஒவ்வொன்றாக அடித்து,
மறுபடி எண்ணினேன். பத்தொன்பது.
அடுத்த புட்டி:
பதினோரு ஜோடி. ஓரத்தில் ஒரு தனி.
இருபத்து மூன்று.

உடன்பிறப்பு இல்லை. பங்காளிகூட இல்லை.
இரண்டும் வேறு வேறு குடும்பம்.
இருபத்து மூன்றுக்கு நெருங்கிய உறவு
விளக்கடியில் வந்து விழும்
அந்த மொட்டைத்தலை மண்நிறத்தான்.
முகச் சாடை பார்த்து ஒரே இழுப்பறையில்
ஊசி குத்தி வைத்திருந்த பழையவர்களை எல்லாம்
அன்று மாலையே குடிபெயர்த்தேன்.

"அந்தத் தனி என்னங்க மேடம்?"
எக்ஸ் என்றேன்.
இதுங்களுக்கு ஒய் கிடையாது.
எக்ஸ் இரண்டிருந்தால் பெண்.
ஒன்றுதான் என்றால் ஆண்.
அவர் கொஞ்ச நேரம் வில்லையைத் துடைத்தார்.
"ஒய் இல்லா ஆம்பள.
நம்ம ஊர் பட்டியல்ல சேத்துடலாமே."

புதுச் சீட்டு எழுதியாயிற்று, பென்சிலால்.
ஒரே ஒரு தகடு மட்டும் பெட்டிக்குப் போகவில்லை.
இருபத்து மூன்றின் புட்டியிலிருந்து எடுத்ததுதான்.
பதினோரு ஜோடியும் இருக்கிறது.
தனியைக் காணோம்.

புது இனம் என்று அரைநாள் கனவு கண்டேன், மறைப்பானேன்.
பிறகு வில்லையின் நான்கு விளிம்பும் தேடினேன்,
பக்கத்துச் செல்களின் சந்துகளில் தேடினேன்,
வெயில் இறங்கும்வரை.
ஜோடிகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு
இருந்த இடத்திலேயே இருந்தன.
பிடித்துக்கொள்ள ஆளில்லாதது
எங்கோ வழுக்கிப் போயிருக்கிறது.

குறிப்பேட்டில், 'காரணம்' என்ற கட்டத்தில்,
எழுதினேன்:
என் கட்டைவிரல்.