ஆறடிக்கு இரண்டடி

பகல் முழுக்க அடுத்தவர் காணிகளை அளந்துவிட்டு வருகிறேன்.
இரவில் மூன்றடிக் கண்ணாடிக்குள்
நீலன் தன் காணியை அளந்துகொண்டிருக்கிறான்.
எல்லைக்கல் இல்லை, வரைபடம் இல்லை,
வாயால் மணலை அள்ளி அள்ளித் துப்பி
ஒரு வரம்பு.
அதைத் தாண்டியவனின் வால்
இப்போது பாதிதான்.

பாதிவாலன் வடிகட்டிக்குப் பின்னால்
தலைகீழாக ஒட்டிக்கொண்டிருக்கிறான்.
மூன்று கிழமையாக அதுதான் விலாசம்.

மலாவி ஏரிச் சாதி.
அந்த ஏரியை நான் கண்டதில்லை, இவையும் கண்டதில்லை.
ஏதோவொரு சீமெந்துத் தொட்டியில் பிறந்து
பொலித்தீன் பையில், கொழும்பு பஸ்ஸில்,
என் மடியில் இருந்து வந்தவை.
ஆனாலும் ஆரையம்பதிக் கிணற்றுத் தண்ணீர்
அவற்றுக்குப் பிடித்துப்போனது.
தட்சாயினி தேத்தண்ணி வைக்க மறுக்கிற தண்ணீர்,
கேத்தலின் அடியில் வெள்ளையாகத் தோடு கட்டுகிற தண்ணீர்.
இந்த வீட்டில் அதைக் குறை சொல்லாதவர்கள்
மீன்களும் நானும்.

வெல்லாவெளியில் ஒரு தகராற்றுக் காணி.
அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு வேலிக்கம்பைப் பிடித்தபடி.
சங்கிலி பிடிக்கிற மஹ்றூப் நிழலில் இருந்து பொதியை அவிழ்த்தான்.
திலாப்பியாப் பொரியல்.
“உங்கட வீட்டு ஆக்கள்ற சொந்தம்தானே சேர், பரவாயில்லையா?”
நான் நடுத்துண்டை எடுத்தேன்.
இடம் காணாது மஹ்றூப், பெரிய தொட்டி வேணும் என்றேன்.
“பெரிசாக்கினா சண்டை நிக்குமா?”
நிற்காது, பரவும்.
இன்னும் பத்துப்பேரைக் கொண்டுவந்து விட்டால்
யாருக்கு யார் எதிரி என்று
நினைவு வைக்க நேரமிருக்காது.
அவன் அண்ணனைப் பார்த்தான், தம்பியைப் பார்த்தான்,
முள்ளைக் காகத்துக்கு எறிந்தான்.

மின்சார பில்லின் பின்பக்கம் வரைந்தேன்.
அளவுத்திட்டம் ஒன்றுக்கு இருபது. வடக்குக் குறி.
நீளம் ஆறு, அகலம் இரண்டு, உயரமும் இரண்டு.
அறுநூற்றெண்பது லீற்றர்.
பன்னிரண்டு மில்லிமீற்றர் கண்ணாடிக்கு
காத்தான்குடியில் சியாத் சொன்ன விலையை
இங்கே எழுதவில்லை.
தட்சாயினி கவிதை வாசிப்பாள்.

விறாந்தையில் வெண்கட்டியால் கீறிக் காட்டினேன்.
தும்புத்தடியோடு வந்தவள் நின்று பார்த்தாள்.
“ஆறுக்கு ரெண்டா?
ஆளைப் புதைக்கிற அளவு.”
எத்தனை உறுதிகளுக்கு அளந்து கொடுத்திருக்கிறேன்,
எனக்கு இது தோன்றவேயில்லை.
ஆறரையாக்கலாம் என்றேன்.
“அப்ப கொஞ்சம் உயரமான ஆள்.”

மறுநாள் கோட்டுக்குள் தையல் மெசின் நின்றது.
அத்துமீறல் என்று அறிக்கை எழுதலாம்.
பத்து வருசம் இடையூறில்லாமல் இருந்துவிட்டால்
காணி அவளுக்கு.
இந்தச் சட்டம் அவளுக்குத் தெரியும்,
சொல்லிக்கொடுத்தது நான்.

இதற்கிடையில் மஞ்சள்காரி சாப்பாட்டை விட்டிருந்தாள்.
தாடை புடைத்து, வாய் நிறையப் பிள்ளைகள்.
வயிறு உள்ளே போய், முதுகு கத்தி மாதிரி.
இருபதாம் நாள் கரண்ட் போன இரவு,
பற்றரியில் காற்றுக்குழாய் மட்டும் கொப்பளிக்க,
போன் வெளிச்சத்தில் இருவரும் குந்தியிருந்தோம்.
வாயைத் திறந்தாள்.
ஒன்று. பிறகு நாலு. பிறகு எண்ண முடியவில்லை,
கண்கள் மட்டும் நீந்தின.
நீலன் தன் வரம்பில் வந்து நின்றான்.
அவ்வளவுதான், ஒரே இழுப்பு,
எல்லாரும் மறுபடி உள்ளே.

“இதுக்குள்ள இவளுக்கு எங்க காணி?”
தட்சாயினி கேட்டாள்.
வாய்தான் என்றேன்.
அவள் போனை என் கையில் தந்துவிட்டு
எழும்பிப் போனாள்.

விடிந்தபோது தையல் மெசின்
ஒன்றரை அடி நகர்ந்திருந்தது.
நாடாவால்தான் அளந்தேன்.