ஏழாம் எண் பேருந்து

மரிபோரில்
ஏழாம் எண் பேருந்தை ஓட்டுகிறவன் நான்.
ஸ்டெப்னி இல்லாத வண்டியை
எப்படி ஓட்டவேண்டும் என்று எனக்குத் தெரியும்:
பள்ளம் பார்த்து, ஓரம் பார்த்து,
வேகம் என்ற சொல்லையே மறந்து.
அப்படித்தான் ஸார்யாவை ஓட்டினேன்,
பத்து வருடம்.

பிறக்கும் முன்பே ஸ்கேனில் தெரிந்துவிட்டது
இடப்பக்கம் காலி என்று.
மனைவி அழுது முடித்துத் தூங்கிப்போனாள்.
நான் விழித்துக்கொண்டு எண்ணினேன்:
கண் இரண்டு, காது இரண்டு,
கை இரண்டு, கால் இரண்டு.
வாய் ஒன்றுதான், இதயம் ஒன்றுதான் என்ற கணக்கு
அன்றைக்கு ஏனோ வரவில்லை.

பள்ளியில் சேர்த்ததும்
கடிதம் எழுதப் பழகிக்கொண்டேன்.
மதிப்பிற்குரிய வோய்கோ ஆசிரியருக்கு,
என் மகளால் இன்று கயிறேற இயலாது.
மதிப்பிற்குரிய வோய்கோ ஆசிரியருக்கு,
பனிச்சறுக்கு முகாமுக்கு அவள் வரமாட்டாள்.
மதிப்பிற்குரிய வோய்கோ ஆசிரியருக்கு,
பந்து அவள் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ளவும்.
இதை எழுதும்போது எனக்கே சிரிப்பு வந்தது.
அனுப்பிவிட்டேன்.

ஏப்ரல் வந்தால்
இங்கே பிள்ளைகளை அளப்பார்கள்.
உயரம், எடை,
கம்பியில் எத்தனை நொடி தொங்குகிறார்கள்,
கைகால் ஊன்றிப் பின்பக்கமாகத் தவழ்ந்து
பெட்டியை எப்படித் தாண்டுகிறார்கள்,
கடைசியில் அறுநூறு மீட்டர் ஓட்டம்.
ஸார்யாவின் அட்டையில்
உயரம் இருந்தது, எடை இருந்தது,
எடை கொஞ்சம் அவசரமாகவே இருந்தது.
மற்ற கட்டங்களில் ஒரு சின்னக் கோடு.
நாலு ஏப்ரல்.

பெஞ்சில் உட்கார்ந்து
மற்றவர்களுக்கு ஸ்டாப்வாட்ச் பிடிப்பது அவள் வேலையாம்.
"யார்னெய் எவ்வளவு வேகம்னு எனக்குத் தெரியும்.
நான் எவ்வளவுன்னு தெரியாது"
என்றாள் ஒரு ராத்திரி,
சூப்பை ஊதிக்கொண்டே.

அந்தக் குளிர்காலத்தில்
இரத்த அழுத்தம் ஒரு படி ஏறியிருந்தது.
டாக்டர் தாதேயா அவளை
எங்கும் போகாத சைக்கிள் ஒன்றில் ஏற்றினார்.
மார்பெல்லாம் ஒயர், முகத்தில் மூடி.
ஏழாவது நிமிடம் நிறுத்திவிட்டாள்.

"சிறுநீரகம்தானே?" என்றேன்.
"தொடை" என்றார்.

பிறகு திரையைத் திருப்பிக் காட்டினார்.
அவரை விதை அளவுக்கு
ஏதோ இருக்கும் என்று குனிந்தேன்.
நல்ல உருளைக்கிழங்கு.
இரண்டு பேர் வேலையைச் செய்து செய்து
தானாகவே வளர்ந்திருந்தது.
அதற்கு யாரும்
விடுப்புக் கடிதம் எழுதித் தரவில்லை.

உப்பைக் குறையுங்கள் என்றார்.
முதுகில் அடிபட்டால்,
சிறுநீர் சிவந்தால், உடனே வாருங்கள் என்றார்.
குத்துச்சண்டை வேண்டாம், மற்றபடி விடுங்கள் என்றார்.
எழுதித் தாருங்கள் என்றேன்.
மருந்துச் சீட்டை இழுத்து
எழுதினார்:
ஓட்டம். தினமும்.

ஐந்தாவது ஏப்ரல்.
இடைவேளையில் வண்டியை நிறுத்திவிட்டுப்
பள்ளி வேலிக்கு வெளியே நின்றேன்.
போகோர்யே மலை உச்சியில் இன்னும் பனி.
இரண்டாம் சுற்றில்
அவள் கை விலாவுக்குப் போனது.
என் ஒரு கால்
வேலிமேல் ஏறியிருந்ததை
நான் கவனிக்கவில்லை, வோய்கோ கவனித்தார்.
ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தார், அவ்வளவுதான்.
விலாவை விட்டு
அந்தக் கையாலேயே மூக்கைத் துடைத்துக்கொண்டு
அவள் ஓடினாள்.

மூன்று நிமிடம் ஐம்பத்திரண்டு நொடி.
ஸ்டாப்வாட்ச் பிடித்தவன் யார்னெய்.

கட்டிக்கொள்ளப் போனேன்.
தள்ளிவிட்டாள்.
"கடைசி" என்றாள், எச்சிலைத் துப்பி.
"நாலு வருஷம் கடிதம் எழுதினியே,
அவன் அதுக்குள்ள எவ்வளவு ஓடியிருப்பான்!"

பதில் இல்லை. வண்டிக்கு நேரமாகிவிட்டது.

அன்று மாலை ஏழாம் எண் பேருந்து
ட்ராவா பாலத்து நிறுத்தத்துக்கு
இரண்டு நிமிடம் முன்னாலேயே வந்து போய்விட்டதாக
பயணி ஒருவர்
புகார்க் கடிதம் எழுதியிருக்கிறார்.
உண்மைதான்.