பூண்டுக் கணக்கு

மேட்டுப்பாளையம் மண்டியில்
ஏலம் முடிந்த மூட்டைகளுக்குச் சீட்டு எழுதுகிறவள் நான்.
பதினோரு வருசம்.
ஊட்டிப் பூண்டு எது, வடக்கேயிருந்து வந்தது எது,
கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன்.

முதல் கொப்புளம் வாய்க்குள் வந்தது,
கடைவாய் ஓரம், ஒரு பல் அளவு.
சூடு என்றார்கள்.
மணத்தக்காளிக் கீரை தின்றேன், தேங்காய் மென்றேன்.
காரமடையில் ஒருத்தர் மந்திரித்துக் கயிறு கட்டினார்.
கயிற்றுக்கு அடியிலும் ஒன்று பொங்கியது.

கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரியில்
டாக்டரம்மா கட்டைவிரலால் என் முதுகை லேசாகத் தள்ளினார்.
தோல் நகர்ந்தது,
ராத்திரி முழுக்க ஊறிய பூண்டுத் தோலாட்டம்,
சத்தமே இல்லாமல்.
பெம்ஃபிகஸ் என்றார்.
சென்னியப்பன் அந்தப் பேரை
பஸ் டிக்கெட்டின் பின்னால் எழுதி வாங்கிக்கொண்டார்.
உடம்பின் காவலே உடம்பை அடிக்கிறதாம்.
விளங்கிற்று எனக்கு:
சொந்த முதலாளியின் மூட்டையை
திருட்டுச் சரக்கென்று கிழித்துக் கொட்டும் வாட்ச்மேன்.

துணி ஒட்டுகிறதென்று வாழையிலை விரித்தார்கள்.
பதினேழு நாள்.
இத்தனை காலம் எதில் சாப்பிட்டேனோ
அதில் கிடந்தேன்,
எண்ணெய் பூசி, உப்பு வைக்காமல்.
சோறு மட்டும் எவர்சில்வர் தட்டில் வந்தது.
சிரித்தால் உதடு கிழியும். சிரிக்கவில்லை.

காரம் வேண்டாம், புளி வேண்டாம்,
முறுக்கு, அப்பளம் எதுவும் வேண்டாம், வாயைக் கிழிக்கும்.
பூண்டுங்க? என்றேன்.
டாக்டரம்மா பேனாவை மூடினார்.
"சில பேருக்குத் தூண்டிவிடும்ங்கறாங்க.
உறுதியாச் சொல்ல முடியாதும்மா.
என்ன சாப்பிட்டீங்க, என்ன வந்துச்சு, எழுதி வைங்க.
மாத்திரையை மட்டும் நிறுத்தீராதீங்க."

எழுதுவதா எனக்குக் கஷ்டம்?
திங்கள்: ராகிக்கூழ், மோர். ஒன்றுமில்லை.
வியாழன்: ஒறம்பரை வீட்டில் கொள்ளுப்பருப்பு. தொடையில் இரண்டு.
வெள்ளி: ஒரு வாய்கூட இறங்கவில்லை. கழுத்தில் மூன்று.
வெள்ளிக்கிழமையை எந்தப் பக்கம் சேர்ப்பது?

சென்னியப்பன் அரிசிம்பருப்புக்கு இரண்டு குக்கர் வைத்தார்.
பூண்டில்லாததை முதலில் அவரே தின்று பார்த்து
"நல்லாத்தான் இருக்குது புள்ள" என்றார்,
ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

நாலாம் மாதம் வாய் ஆறியது.
பூண்டை விட்டதால்தான் என்று நாத்தனார் ஊரெல்லாம் சொன்னாள்.
நோட்டைப் புரட்டினேன்.
பூண்டை விட்ட அதே வாரம்
மாத்திரையையும் கூட்டியிருந்தார்கள்.
ஒரே லாரி, இரண்டு பேர் சரக்கு, ஒரே எடைச்சீட்டு.
எப்படிப் பிரிப்பேன்?

மறுபடி மண்டிக்கு வந்துவிட்டேன்.
மாத்திரையில் முகம் ஊதிக் கிடக்கிறது.
சதை போட்டுட்டயே, வீட்டுல விருந்தா?
மூட்டை தூக்கும் ரங்கன் கேட்கிறான்.
ஆமாங்கிறேன்.

நேற்று ராத்திரி எழுதியது:
செவ்வாய். மாத்திரை போட்டாச்சு.
பூண்டு ஒரே ஒரு பல், நெய்யில் வாட்டியது.
யாரும் கொடுக்கவில்லை.
நானே. வேணும்னே.

எதிர்ப்பக்கத்தில்
புதன் என்று மட்டும் போட்டு வைத்திருக்கிறேன்.