இன்று விலை இல்லை

பழைய கார்டின் விசிறி
மூன்று நாளாகச் சோளம் பொரிக்கிறது.

ஸுலேமா அம்மாளின் புதுச் சமையலறை
திரையில் பாதிதான் வெந்திருக்கிறது.
பளிங்கு மேடை வந்துவிட்டது. ஜன்னல் வந்துவிட்டது.
ஜன்னலில் விழவேண்டிய வெயில் மட்டும்
காலை ஏழரைக்கு வரும் என்கிறது கணினி.
ரொஸாரியோவில் விடிவதும் ஏறக்குறைய அப்போதுதான்.
யார் முந்துகிறார்கள் பார்க்கலாமென்று
விழித்திருக்கிறேன்.

இப்போதே வாங்கிவிடவா,
பொறுக்கவா?

நஸரேனோ பொறு என்கிறான்.
என் தங்கையைக் கட்டவே ஒன்பது வருடம் பொறுத்தவன்.
மார்ச்சில் அடுத்த தலைமுறை இறங்குகிறதாம்,
இறங்கியதும் இதன் விலை சரசரவென்று சரியுமாம்.
இந்த ஊரில் எது சரிந்து பார்த்திருக்கிறாய், சொல்.
யோசித்தான்.
"கூரை" என்றான்.
போன மழையில், அவனுடையது.

பொறுத்தவர் பூமி ஆளட்டும்.
எனக்கு நான்கு ஜிபி பன்னிரண்டானால் போதும்.

கணக்குப் போட்டேன், மின்கட்டண ரசீதின் பின்பக்கம்:
ஒரு படத்துக்கு இப்போது ஒன்பது மணி நேரம்,
புதியதில் ஒன்று.
மிச்சம் எட்டு.
அந்த எட்டில் என்ன செய்வேன்?
தூக்கம் என்று எழுதி
எதிரே என்ன தொகை போடுவதென்று தெரியாமல்
பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

மாத்தே டப்பாவில் நானூறு டாலர்,
இலைத்தூள் வாசனையோடு.
அதில் இரண்டு நோட்டு "சின்ன முகம்", பழைய அச்சு.
அதே ஆள், அதே நூறு,
முகம் சிறுத்ததால் இங்கே கொஞ்சம் மட்டம்.
செத்தவன் முகத்தையும் அளந்து வாங்கும் கடைத்தெருவில்
நான் பொறுத்த பொறுமைக்கு
யார் என்ன தருவார்கள்?

எவேலியோ கடைக்கு மூன்று முறை போய்
மூன்று முறையும் திரும்பியிருக்கிறேன்.
கண்ணாடிக்குப் பின்னால் அந்தப் பெட்டி.
மேலே வாளோங்கி நிற்கும் ஓர் இயந்திரப் பெண்;
அவளிடம் போய் அலமாரிக் கைப்பிடிகளைப் பற்றி
எப்படிப் பேச்செடுப்பது?
சுவரில் வெள்ளைப் பலகை.
போகும்போதெல்லாம் கடைசி மூன்று இலக்கங்களைக்
கட்டைவிரலால் துடைத்துவிட்டு
வேறு எழுதுவான் எவேலியோ.
அந்த விரல் எப்போதும் நீலம்.

ஐந்து மணிக்கு விசிறி நின்றது.
சத்தம் நின்றபிறகுதான் தெரிந்தது
எவ்வளவு சத்தம் என்று.
சமையலறை கறுத்துப் போனது.

சரி, முடிவாகிவிட்டது.
டப்பாவை அப்படியே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
கடை திறக்கும் முன்பே போய் நின்றேன்.

ஷட்டர் பாதிதான் ஏறியிருந்தது.
குனிந்து நுழைந்தால்
பலகையில் ஓர் எண்கூட இல்லை.

"இன்று விலை இல்லை" என்றான்.
"விலை இல்லையென்றால் சும்மா கொடு."
சிரித்தான், பாவம்.
ராத்திரி பெசோ விழுந்துவிட்டதாம்.
மொத்த வியாபாரி போனை எடுப்பதில்லையாம்.
டாலரில் தருகிறேனே என்று டப்பாவைத் திறந்தேன்.
எட்டிப் பார்த்தான், வாசனை பிடித்தான்.
"இதை விற்றுவிட்டால்
அடுத்தது எவ்வளவுக்கு வருமென்று
எனக்கு எவன் சொல்வான்?
நானும் பொறுக்கிறேன், சென்யோரா."

கையெட்டும் தூரத்தில் இருந்தது.
பணம் இருந்தது, மனம் இருந்தது,
விற்பவன் இருந்தான்.
நடுவில் ஓர் எண் மட்டும்
ஊரில் இல்லை.

கடைசியில் இழுப்பறையைக் கிளறி
ஏதோ செத்த கணினியின் விசிறி ஒன்றும்
நான்கு பிளாஸ்டிக் கட்டுக்கம்பிகளும் கொடுத்தான்.
இதற்கு?
நீலவிரலை ஆட்டினான்.
இதற்கும் இல்லை.

கார்டை விட அகலமான விசிறி.
கோணலாகத்தான் உட்கார்ந்தது.
இப்போது சோளம் பொரிவதில்லை,
யாரோ தூரத்தில் மாவு சலிக்கிறார்கள்.

நஸரேனோ செய்தி அனுப்பியிருக்கிறான்:
மார்ச் இல்லையாம், ஜூனாம்.

பளிங்கு மேடை மறுபடி வந்துவிட்டது.
ஜன்னல் சட்டமும் வந்துவிட்டது.
வெயிலுக்கு இன்னும் ஆறு மணி நேரம்.