பூஜ்யத்தைப் பூட்டிப் பார்த்தோம்

தை செங், ஆறாம் மாடி, சன்னலில்லாத அறை.
இரவு ஒன்றே முக்காலுக்குக்
கைத்தொலைபேசிகளைப் பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட்டு
ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டோம்.
வெளியே வெக்கை. உள்ளே பதினெட்டு டிகிரி,
எந்திரங்களின் சௌகரியத்துக்கு.

மூன்று உறை, மூன்று பேர்:
ரோஸ்னா, குவெக் பூன் தெக், நான்.
ஒரு சாவியை மூன்றாகப் பிரித்தார்கள் என்றால்
உடைந்த தட்டின் சில்லுகள் என்று நினைத்துவிடாதீர்கள்.
சில்லில் பூவேலை கொஞ்சமாவது தெரியும்.
என் தாள் எதையும் காட்டாது.
நானும் ரோஸ்னாவும் சேர்ந்து ஓடிப்போனாலும்
எங்கள் கையில் இருப்பது ஒன்றுமில்லை.
மூன்றாம் தாள் வரும்வரை
உலகின் எல்லாச் சாவிகளும் அதுவாக இருக்கலாம்.

முதலில் நான்.
மறைப்புக்குப் பின்னால் முப்பத்திரண்டு குறிகள்,
ஒன்பது தீர்ந்தால் ஏ முதல் எஃப் வரை.
பெட்டி முதலில் ஒற்றைப்படை பார்க்கும்:
எட்டெட்டாய் நிற்கும் ஒவ்வொரு வரிசையிலும்
எழுந்து நிற்கும் ஒன்றுகள் ஒற்றையாய் இருக்கவேண்டும்.
எட்டாவது ஆளுக்கு ரகசியத்தில் பங்கில்லை.
கணக்கை ஒற்றையாக்க மட்டும் வந்தவர்,
மொய்க்கவரில் நூறோடு வைக்கிற
அந்த ஒரு வெள்ளி மாதிரி.

பிறகு அது வெறும் பூஜ்யங்களை எடுத்து
நான் தந்ததைக் கொண்டு பூட்டும்.
ஒன்றுமில்லாததைப் பூட்டினால் என்ன வரும்?
கலங்கிய பதினாறு குறிகள்.
முதல் ஆறை மட்டும் திரையில் காட்டும்.
என் தாளின் அடியில் அச்சடித்திருந்ததும் அதே ஆறு.
சாவியைக் காட்டாமலே சாவி சரி என்று சொல்ல
இதைவிட நாகரிகமான வழி எனக்குத் தெரியாது.

ரோஸ்னாவுடையதும் சரி.

குவெக்குடையது இல்லை.

மூடிய பேனாவைத் திறந்தார் கணக்காய்வாளர் மிஸ் தில்லோன்.
ஒற்றைப்படையில் தேறியிருக்கிறது, ஆறில் தோற்றிருக்கிறது.
மறைப்புக்குப் பின்னால் மூக்குக்கண்ணாடி துடைக்கும் சத்தம்.
"அய்யோ, அது எட்டு இல்லை லா, பி!"
சொல்லியிருக்கக் கூடாது.
நேரத்தோடு குறித்துக்கொள்ளப்பட்டது.

நான் மனசுக்குள் எண்ணினேன்.
எட்டில் ஒரு ஒன்று. பி-யில் மூன்று.
இரண்டு பிழை கைகோத்து வந்ததால்
வாசற்காவலாளி வணங்கி உள்ளே விட்டிருக்கிறான்.
எங்கள் குடும்பத்தில் இரண்டு கல்யாணம்
இப்படித்தான் நடந்தது.

மறுபடி அடித்தார், ஒவ்வொரு குறிக்கும் மூச்சுவிட்டு.
ஆறும் ஒத்தன.
மூன்றும் உள்ளே, யார் கண்ணும் படாத இடத்தில், கலந்தன.

பெட்டி இன்னொன்றையும் பார்த்திருக்கும், சொல்லாமல்.
சில சாவிகள் பிறவியிலேயே சோடை:
ஒருமுறை பூட்டி, அதாலேயே மறுமுறை பூட்டினால்
திறந்துகொள்ளும்.
அப்படி நாலைப் பழைய கையேட்டில்
பேர்போட்டு எழுதிவைத்திருக்கிறார்கள்.
எங்களுடையது அதிலில்லை.

வங்கியிலிருந்து வேறு ஆள் கையில், வேறு நாளில்
வந்த தாளில் கடைசி ஆறு.
ரோஸ்னா வாசித்தாள், நான் டிக் போட்டேன்.
நாலு கையெழுத்து. தாள்கள் அரைபட்டுத் தூளாயின.

முதல் நாலு குறிகள் மட்டும்
என் தலையில் தங்கிவிட்டன.
மிஸ் தில்லோனிடம் சொல்லவில்லை.
அவற்றால் ஒரு கதவும் திறக்காது, தெரியும்.
ஆனாலும் லிஃப்டில் இறங்கும்போது
நாக்கு அவற்றைப் பல்லில் சிக்கிய நார்போல் தேடிக்கொண்டிருந்தது.
இங்கேயும் எழுதமாட்டேன்.

ஐந்து மணிக்குப் புதிய சாவி நடைமுறைக்கு வந்தது.
ஐந்து பத்துக்கு அப்பர் பாய லேபார் ரோட்டில்
கோப்பிக்கடையில் வரிசையில் நின்றோம்.
எங்களுக்கு முன்னால் ஒரு டாக்சிக்காரர்
அட்டையைச் செருகி, உள்ளங்கையால் மறைத்து,
ஆறு எண்களை அழுத்தினார்.
எந்திரம் யோசித்தது.
நாங்கள் மூவரும் மூச்சை நிறுத்தினோம்.

தவறான எண், என்றது.

அவர் திட்டிக்கொண்டே மறுபடி அழுத்த,
இந்தமுறை ரசீது சுருண்டு வந்தது.
பிழை அவருடையது. எங்களுடையதல்ல.
கோப்பி ஓ கோசோங்கைக் கலக்கியபடி
குவெக் என் பக்கம் சாய்ந்தார்.
"எட்டாத்தான் இருக்கும்," என்றார்.