முதுகில் ஓர் எண்

நிஸ்வாவில் கிளம்பியபோது
எட்டுப் பேர் கைதட்டினார்கள்,
எல்லாரும் எங்கள் வார்டு.
ஆதம் தாண்டியதும்
சாலை ஒரு கோடு,
பேச்சை நிறுத்திவிட்ட மனிதர் மாதிரி
எந்தப் பக்கமும் திரும்பாத கோடு.

எதிர்க்காற்று.
கியரை எவ்வளவு குறைத்தாலும்
தொடை தன் கணக்கைச் சொல்லிக்கொண்டே வந்தது.
கிலோமீட்டருக்கு நூறு பைசா தருவதாக
நோட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார் மருந்தகத்து அஷ்ரஃப்.
அவரை ஏழையாக்கவாவது
சைக்கிள் சலாலா போய்ச் சேர வேண்டும்.

ஹைமா பங்கில் டேங்கர் ஓட்டுநர் ஒருவர்,
பேர் தங்கமுடி, ஊர் ஏரல்,
டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கேட்டார்:
"கேன்சருக்கா?"
"இல்லண்ணே, மனசுக்கு."
"மனசுக்கு எதுக்கும்மா காசு?"
சிரித்தார். நானும் சிரித்தேன்.
விளக்கம் சொல்ல
நாக்கில் ஈரம் இல்லை.

ஒரு ரியால் நீட்டினார்.
அப்புறம், வண்டியைப் பார்த்தபடி,
"தூக்கம் வராததெல்லாம்
இதுல சேருமா?"
"எத்தன நாளா?"
விரலை மடக்கத் தொடங்கி
மூன்றோடு விட்டுவிட்டார்.

"கொஞ்சம் திரும்பி நில்லும்மா."

பனியன் முதுகில் அச்சடித்திருந்த எண்ணை
ஒவ்வொன்றாக முணுமுணுத்து
போனில் ஏற்றினார்.
வேர்வையில் சுருண்ட ஓர் இலக்கத்தை
ஒன்பதா என்றார்.
"நாலுண்ணே."
"பேரு என்னன்னு போட?"
பதிலுக்குக் காத்திராமல்
'டயர் கடை' என்று போட்டுக்கொண்டார்.

டேங்கர் கிளம்பும் சத்தம் கேட்கும்வரை
நான் அப்படியே நின்றேன்,
சலாலா பக்கம் முகத்தை வைத்து.
பாதி வழிகூட ஆகவில்லை.