வாசல் முறை

இந்த ஞாயிறும் வாசல் முறை எனக்கு.
கோர்டனுக்கு முட்டி அறுவை.
பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்று என்கிறது வின்னிபெக் வானொலி.
சார்ஜன்ட் அவென்யூவில்
பேருந்து மூச்சு விடுவது வெள்ளையாகத் தெரிகிறது.

என் நெஞ்சில் ஒட்டிய தாளில்
மேலே ஆங்கிலத்தில், கீழே என் கையால் தமிழில்
இந்து.
இந்துமதி என்று முழுதாய் எழுத இடம் இருந்தது.
வெர்னாதான் முதல் நாள் பாதியில் நிறுத்தினாள்,
மீதியை அப்புறம் கற்றுக்கொள்கிறேன் என்று.
மூன்று வருடம் ஆகிறது.
இந்து, மாதாகோயில் வாசலில்.
ஊரில் சொன்னால் இரண்டு பக்கமும் சண்டைக்கு வரும்.

நான் கடவுளைத் தேடி வரவில்லை.
கழிவறையைத் தேடி வந்தேன்.
பேருந்து வராத காலை, திறந்திருந்த ஒரே கதவு.
திரும்பும்போது யாரோ கையில் காபியைத் திணித்தார்கள்.
குடித்து முடிக்கும்வரை உட்கார்ந்தேன்.
எப்போது எழ வேண்டும், எப்போது அமர வேண்டும்,
இன்னமும் தெரியாது.
என் ஆமென்
எல்லோருடையதற்கும் அரை நொடி பிந்தி விழும்.
முன்வரிசை நாய் மட்டும் திரும்பிப் பார்க்கும்.

வாசலுக்கு வெர்னா சொன்ன சட்டம்:
எந்த ஊர் என்று கேட்காதே,
கோட்டை எங்கே மாட்டுவது என்று காட்டு.
அவள் க்ரீ இனம். அவளையே இந்த மண்ணில்
எந்த ஊர் என்று கேட்டவர்கள் உண்டு.
இன்னொரு சட்டம் கோர்டனால் வந்தது:
கட்டிப்பிடிக்காதே.
அவர் அன்பின் வேகத்தில் ஒரு குடும்பமே
காலணியைக் கையில் பிடித்தபடி வெளியேறியது.

கதவில் வானவில் ஒட்டியிருக்கிறது.
குளிரில் ஒரு மூலை உரிந்து
ஊதா மட்டும் காற்றில் ஆடும்.
போன ஞாயிறு, பத்து முப்பத்தைந்துக்கு,
அந்த ஊதாவைப் பார்த்தபடி ஒருவர் வெளியே நின்றார்.
நின்றார்.
கதவைத் திறந்தால் துரத்துவதாகிவிடுமோ,
திறக்காவிட்டால்?
உப்பு வாளியைத் தூக்கிக்கொண்டு போனேன்
படிக்கு உப்புத் தூவ,
ஏற்கெனவே தூவிய படிக்கு.

காசு ஏதாவது கட்டணுமா என்று
ஆங்கிலத்தில் ஆரம்பித்த குரல்
என் நெஞ்சைப் படித்துத் தமிழில் சிரித்தது.
"அக்கா, நீங்க இந்துவா?"
"ஆமா. பேரும் அதுதான்."
தூத்துக்குடிப் பக்கம். நான் கேட்கவில்லை, பேச்சில் இருந்தது.
"ஓய்வுநாள் பள்ளியில வசனம் ஒப்பிச்சு
டிபன் பாக்ஸ் எல்லாம் பரிசு வாங்கிருக்கேன்.
அப்புறம் உள்ள விடல."
ஏன் என்பது நாக்கு நுனிவரை வந்தது.
கோட்டை எங்கே மாட்டுவது என்று காட்டினேன்.

ஒட்டுத்தாளும் பேனாவும் நீட்டினேன்.
"எந்தப் பேரு எழுதணும்?"
"கூப்பிட்டா திரும்பிப் பாப்பீங்கள்ல, அந்தப் பேரு."
பார்க்காமலே எழுதப் பழகிய கை
அவசரமாய் ஒன்றை எழுதி, நின்றது.
உரித்தது, உருட்டியது,
குப்பையில் போடச் சொல்லி என்னிடம் தந்தது.
இரண்டாவது தாளில், மெதுவாக,
ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல உதட்டைக் கடித்துக்கொண்டு
ஏஞ்சலின் கனி.
'லி'யின் சுழி கொஞ்சம் பெரிதாகிவிட்டது.

அவள் கடைசி வரிசைக்குக்கூட வரவில்லை.
காலணித் தட்டருகே, பனி உருகிச் சொட்டச் சொட்ட,
பிரசங்கம் முழுக்கச் சுவரில் சாய்ந்து நின்றாள்.
பாட்டு வந்தபோது மெட்டுத் தெரிந்த உதடுகள்
தமிழில் அசைந்தன.
போதகர் டோரீன் அப்பத்தட்டோடு
நடைவழி முழுக்க நடந்து
காலணிகள் வரை வந்தார்.
அரிசிமாவு அப்பம், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்களுக்காக.
இட்லிக்குத் தூரத்துச் சொந்தம்.
ஏஞ்சலின் எடுத்தாள். பிட்டாள்.
பாதியை என்னிடம் நீட்டினாள்.
மூன்று வருடமாக, தட்டு வரும்போதெல்லாம்
காபி போடப் போய்விடுவேன்.
அன்று காபி கொஞ்சம் தாமதம்.

அந்த முதல் பெயரை நான் பிரித்துப் பார்க்கவில்லை.
போட மறந்து ஸ்வெட்டர் பையில் கிடந்து
வியாழன் துவைத்தபோது கூழாகி,
என் கறுப்புத் துணி எல்லாவற்றிலும்
வெள்ளைப் பொட்டுகள்.

இப்போது மணி பத்து முப்பத்திரண்டு.
படிக்கு மூன்றாம் முறை உப்புத் தூவுகிறேன்.